கண்ணெதிரே இருக்கும் கோப்பை ‘இல்லை’ என்று சொன்ன சர்வர்

என் லேப்டாப்பில் மூன்று மாதம் ஒரு குறையும் சொல்லாமல் ஓடிய செயலி அது. பழைய கையெழுத்துக் குறிப்பேடுகளை ஸ்கேன் செய்து, பக்கம் பக்கமாக ஏற்றி, தலைப்பு வைத்துத் தேடிப் பார்ப்பதற்காக நானே எழுதியது. பெயர் ஏடு. பைதான் மொழி, அதில் வலைச் செயலி எழுத ஃபிளாஸ்க், டேட்டாபேஸுக்கு எஸ்க்யூலைட், அவ்வளவுதான் சரக்கு. நண்பர்கள் நாலைந்து பேர் தாங்களும் பயன்படுத்தக் கேட்டதால், வாடகைக்கு ஒரு லினக்ஸ் சர்வர் எடுத்து அதில் ஏற்றினேன். உலாவியில் திறந்தால் 500, அதாவது சர்வருக்குள் ஏதோ பிழை. செயலி எழுதிவைக்கும் பதிவேடான லாகைப் பார்த்தால் ‘வகைகள்.ஜேசன்’ என்ற கோப்பு இல்லை என்கிறது. டெர்மினலில் போய்ப் பார்த்தால் அந்தக் கோப்பு குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிறது.

அன்றிரவு தொடங்கி இரண்டு வாரம் பாதைகளோடு மல்லுக்கட்டினேன். அப்போது எழுதிவைத்த குறிப்புகளைத்தான் இங்கே கோத்திருக்கிறேன். கோட் வரிகளையும் ஃபோல்டர் பெயர்களையும் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். நீங்கள் தட்டும்போது வழக்கமான ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

எங்கே நின்றுகொண்டு?

கோடில் இருந்தது இதுதான்:

ஓபன்("தரவு/வகைகள்.ஜேசன்")

முன்னால் சாய்கோடு இல்லாததால் இது சார்புப் பாதை. எதைச் சார்ந்தது என்பதில்தான் வழுக்கி விழுந்தேன். இந்த வரி எந்தக் கோப்பில் எழுதப்பட்டிருக்கிறதோ, அதன் பக்கத்திலிருந்து தேடும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில், நிரலைத் தொடங்கியபோது எந்த ஃபோல்டரில் நின்றுகொண்டிருந்தோமோ அங்கிருந்துதான் தேடும். லேப்டாப்பில் எப்போதும் புராஜெக்ட் ஃபோல்டருக்குள் சிடி கமாண்டால் நுழைந்துவிட்டுத்தான் ஓட்டுவேன். இரண்டு இடமும் ஒன்றாகவே இருந்ததால், வித்தியாசம் கண்ணில் பட வாய்ப்பே இல்லை.

சர்வரில் செயலியைத் தொடங்குவது, லினக்ஸில் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டி. அது எங்கே நிற்கிறது என்று பார்க்க, ஓஎஸ்.கெட்சிடபிள்யூடி() தரும் பதிலைத் தொடங்கியவுடன் லாகில் எழுத வைத்தேன். ஒரே ஒரு குறி வந்தது:

/

எப்படித் தொடங்க வேண்டும் என்று அதற்குச் சொல்லும் சர்வீஸ் கோப்பில் இடத்தைப் பற்றி நாம் எதுவும் சொல்லாவிட்டால் சிஸ்டம்டி வட்டின் வேரில் நின்றுகொண்டுதான் நிரலைத் தொடங்கும். ஆக, பைதான் தேடியது /தரவு/வகைகள்.ஜேசன். அப்படி ஒன்று இல்லைதான். சர்வர் பொய் சொல்லவில்லை.

சர்வீஸ் கோப்பில் வொர்க்கிங் டைரக்டரி என்று ஒரு வரி சேர்த்தால் போதும் என்று தேடியபோது பல இடங்களில் சொன்னார்கள். சேர்த்தேன், பக்கம் திறந்தது. தூங்கப் போய்விட்டேன். அதுதான் தப்பு. நோய் அப்படியே இருக்க, வலியை மட்டும் அமுக்கியிருந்தேன். மூன்றாம் நாள் அது வேறு இடத்தில் தலைகாட்டியது.

காலி பேக்கப்

தினமும் இரவு டேட்டாபேஸை நகலெடுக்க ஒரு சின்ன ஸ்கிரிப்ட் வைத்திருந்தேன். குறித்த நேரத்தில் வேலைகளைத் தொடங்கும் கிரான் அதை ஓட்டும். மூன்றாம் நாள் பேக்கப் ஃபோல்டரைச் சும்மா எட்டிப் பார்த்தால், எல்லா நகலும் ஒரே அளவு. நடுவில் நிறையப் பக்கங்கள் ஏற்றியிருந்தோம். அளவு கூடியிருக்க வேண்டும். ஒன்றைத் திறந்தேன். உள்ளே ஒரு டேபிள்கூட இல்லை.

கிரான் நிற்பது வேறோர் இடம்: அந்தப் பயனரின் ஹோம் ஃபோல்டர். ஸ்கிரிப்டில் "ஏடு.டிபி" என்று மட்டும் எழுதியிருந்தேன். ஹோமில் அப்படி ஒரு கோப்பு இல்லை. இங்கேதான் எஸ்க்யூலைட்டின் ஒரு குணம் சேர்ந்துகொள்கிறது: கேட்ட டேட்டாபேஸ் இல்லையென்றால் அது புகார் சொல்லாது, புதிதாக ஒன்றை உருவாக்கிக் கையில் கொடுத்துவிடும். அந்தக் காலி டேட்டாபேஸை என் ஸ்கிரிப்ட் இரவுதோறும் பத்திரமாக நகலெடுத்து, ‘பேக்கப் முடிந்தது’ என்றும் எழுதி வந்திருக்கிறது. ஜேசன் கோப்பு ‘இல்லை’ என்று கத்தியதே, அது எவ்வளவோ மேல். சத்தம் போடாத பிழையிடம்தான் பயப்பட வேண்டும்.

இந்த முறை ஒழுங்காகச் செய்தேன். நிரல் எங்கே நின்று தொடங்கினாலும் மாறாத ஒரு புள்ளி வேண்டும். பைதானில் ஒவ்வொரு கோப்புக்கும் தான் இருக்கும் இடம் தெரியும். அதை __ஃபைல்__ என்ற மாறியில் வைத்திருக்கும். அதைப் பிடித்துக்கொண்டால்:

கோட்_வேர் = பாத்(__ஃபைல்__).ரிசால்வ்().பேரன்ட்

செயலியோடு கூடவே வரும் கோப்புகள் எல்லாவற்றையும் இந்த வேரிலிருந்து தேட வைத்தேன். பிஎச்பியில் இதே வேலையை __டிர்__ செய்கிறது, நோடில் __டிர்நேம். மொழி எதுவானாலும் யோசனை ஒன்றுதான்.

எஸ்க்யூலைட்டுக்கும் ஒரு கடிவாளம் போட்டேன். கோப்புப் பாதையை யுஆர்ஐ வடிவில் கொடுத்து, கடைசியில் ‘மோட்=ஆர்டபிள்யூ’ என்று சேர்த்தால், இருப்பதைத் திறக்கும்; இல்லாவிட்டால் பிழை தரும். புதிதாக உருவாக்கும் வேலையை வைத்துக்கொள்ளாது. டேட்டாபேஸை உருவாக்க வேறாக ஒரு கமாண்ட் இருக்கிறது. அதை நான் கையால்தான் ஓட்டுவேன்.

வொர்க்கிங் டைரக்டரி வரியை சர்வீஸ் கோப்பிலிருந்து வேண்டுமென்றே எடுத்துவிட்டேன். வேரில் நின்றே ஓடட்டும். இனி எங்காவது சார்புப் பாதை மறைந்திருந்தால் அன்றைக்கே காட்டிக்கொடுத்துவிடும்.

பெரிய எழுத்து, சின்ன எழுத்து

இது சின்ன விஷயம், சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். முகப்பில் லோகோ வரவில்லை, 404, அதாவது கேட்டது இல்லை. கோப்பின் பெயரில் முதல் எழுத்து பெரிய எழுத்து. எச்டிஎம்எல்லில் சின்ன எழுத்தாக எழுதியிருந்தேன். விண்டோஸ் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும், வழக்கமான அமைப்பில் மேக்கும் அப்படித்தான். லினக்ஸுக்கு அவை இரண்டு வெவ்வேறு பெயர்கள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதமே இல்லாத மொழியில் வளர்ந்தவனுக்கு இது கண்ணில் பட நேரமாகும் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன்.

எரிச்சல் அதற்கப்புறம்தான். லேப்டாப்பில் கோப்பின் பெயரைத் திருத்தி கமிட் செய்யப் போனால், மாற்றம் எதுவும் இல்லை என்கிறது, கோடின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட். விண்டோஸில் புராஜெக்டை இறக்கும்போதே, எழுத்தின் அளவைக் கண்டுகொள்ளாதே என்ற அமைப்பைக் கிட் தானாகவே போட்டுக்கொள்கிறது. பெயரை எக்ஸ்ப்ளோரரில் மாற்றாமல், ‘கிட் எம்வி’ கமாண்டால் மாற்றினால் புரிந்துகொள்ளும்.

அன்றைக்கே வேலை செய்யும் இடத்தை, விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸ் ஓட்டும் டபிள்யூஎஸ்எல்லுக்குள் மாற்றிக்கொண்டேன். புராஜெக்டை டபிள்யூஎஸ்எல்லின் சொந்த வட்டில் வைக்க வேண்டும். விண்டோஸின் சி டிரைவை /எம்என்டி/சி வழியாகத் திறந்து அங்கேயே வைத்திருந்தால் பழைய குணம்தான் இருக்கும், மாறியதாக நினைத்து ஏமாறுவோம்.

பின்சாய்கோட்டுக் கோப்புகள்

லேப்டாப்பில் ஏற்றியிருந்த படங்களையும் டேட்டாபேஸையும் அப்படியே சர்வருக்கு நகர்த்தியிருந்தேன். பழைய படங்கள் ஒன்றும் தெரியவில்லை. டேபிளைத் திறந்து பாதை என்ற நெடுவரிசையைப் பார்த்தபோது என் மூன்று மாதச் சரித்திரமும் அதில் தெரிந்தது. முதல் வாரத்து வரிசைகளில் "சி:\வேலை\ஏடு\படங்கள்\…" என்று டிரைவ் பெயரோடு முழுப்பாதை. அப்புறம் ஏதோ ஞானம் வந்து "படங்கள்\03\…" என்று சுருக்கியிருக்கிறேன். சர்வருக்கு வந்த பிறகு ஏற்றியவை "படங்கள்/03/…". மூன்றும் ஒரே நெடுவரிசையில்.

விண்டோஸில் பின்சாய்கோடு வந்ததற்கு ஒரு பழைய காரணம் உண்டு. 1983-இல் எம்எஸ்-டாஸ் 2.0 வந்தபோதுதான் அதில் ஃபோல்டருக்குள் ஃபோல்டர் வைக்கும் வசதி வந்தது. அதற்கு முன்பே, கமாண்டுகளுக்கு விருப்பங்கள் கொடுக்க முன்சாய்கோட்டைப் பயன்படுத்திப் பழகியிருந்தார்கள். அதனால் பாதைக்கு மறுபக்கம் சாய்ந்த கோட்டை எடுத்துக்கொண்டார்கள். இன்றும் விண்டோஸ் முன்சாய்கோட்டையும் பெரும்பாலான இடங்களில் ஏற்றுக்கொள்கிறது. லினக்ஸ் அந்தத் தாட்சண்யம் காட்டாது. அதற்குப் பின்சாய்கோடு பெயரில் வரக்கூடிய இன்னோர் எழுத்து, அவ்வளவுதான்.

இதை நான் கண்ணால் கண்டேன். பழைய படங்களுக்குச் சிறுபடம் உருவாக்கும் ஸ்கிரிப்டை அவசரத்தில் சர்வரில் ஓட்டிவிட்டேன். பிறகு கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் அடித்தால், ஃபோல்டருக்குள் போக வேண்டிய கோப்புகள் வெளியே வரிசையாக நிற்கின்றன:

சிறுபடங்கள்\03\பக்கம்-11.ஜேபிஜி
சிறுபடங்கள்\03\பக்கம்-12.ஜேபிஜி

இவை ஃபோல்டருக்குள் இருக்கும் கோப்புகளைக் காட்டும் வரிகள் என்று ஒரு நிமிடம் நம்பினேன். கடைசியில் பார்த்தால், அந்த நீளம் முழுவதும் ஒரே கோப்பின் பெயர்!

டேட்டாபேஸில் என்ன சேமிப்பது என்று அன்றைக்கு ஒரு முடிவு எடுத்தேன். முழுப்பாதை ஒருபோதும் உள்ளே போகக் கூடாது. கணினி மாறினால், டிரைவ் மாறினால், ஃபோல்டரின் பெயர் மாறினால் எல்லா வரிசையும் செத்துவிடும். தரவு வேருக்குக் கீழே உள்ள துண்டு மட்டும், எப்போதும் முன்சாய்கோட்டோடு போகும். படிக்கும்போது வேரோடு சேர்த்துக்கொள்ளலாம். பைதானில் பாதைகளைக் கையாளும் பாத்லிப்பில் இதற்கென்றே அஸ்_போசிக்ஸ்() இருக்கிறது. விண்டோஸில் ஓட்டினாலும் முன்சாய்கோட்டோடுதான் தரும். பழைய வரிசைகளைத் திருத்த ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். லினக்ஸில் ஓடும் பைதானுக்கு "சி:\…" என்பது பாதையாகவே தெரியாது, வெறும் பெயர்தான். ஆகவே அந்த வரிசைகளை ப்யூர்விண்டோஸ்பாத் என்ற வகையைக் கொண்டு உடைத்தேன். எந்தக் கணினியில் ஓட்டினாலும் அது விண்டோஸ் இலக்கணப்படிதான் படிக்கும்.

இந்த இடத்தில் இன்னொரு கண்ணியிலும் கால் வைத்தேன். சில துண்டுகளின் முன்னால் தவறுதலாக ஒரு சாய்கோடு ஒட்டிக்கொண்டிருந்தது: "/படங்கள்/03/…". வேரோடு இதைச் சேர்த்தால், பைதான் வேரைத் தூக்கி எறிந்துவிட்டு வட்டின் அடியிலிருந்து தேடப் போய்விடுகிறது. ஓஎஸ்.பாத்.ஜாயினும் சரி, பாத்லிப்பும் சரி, இரண்டாவதாக வருவது முழுப்பாதை என்றால் முதலாவதை மறந்துவிடும். நோடின் பாத்.ஜாயின் அப்படிச் செய்யாது, இரண்டையும் ஒட்டித்தான் தரும், பாத்.ரிசால்வ்தான் பைதான் போல நடந்துகொள்ளும். இரண்டு மொழியிலும் புழங்குபவர்கள் இதில் சறுக்க நிறையவே இடம் இருக்கிறது.

வட்டுக்கு ஒரு பாதை, உலாவிக்கு ஒரு பாதை

சர்வரில் ஏற்கெனவே வேறொரு தளம் இருந்ததால், ஏட்டை அதே முகவரியின் கீழ் /ஏடு/ என்ற கிளையில் வைத்தேன். பக்கம் வந்தது, அதன் தோற்றத்தைச் சொல்லும் நடைதாளும் (சிஎஸ்எஸ்) படங்களும் வரவில்லை. எச்டிஎம்எல்லில் எல்லா இடத்திலும் "/ஸ்டேட்டிக்/…" என்று எழுதியிருந்தேன். வட்டில் முன்சாய்கோட்டோடு தொடங்கும் பாதைக்கு வேர், வட்டு. உலாவியில் அதே சாய்கோட்டுக்கு வேர், தளத்தின் முகவரி. என் செயலியின் வேர் அதற்கு ஒரு படி கீழே போய்விட்டது. உலாவிக்கு அது எப்படித் தெரியும்?

சாய்கோட்டை எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று தோன்றும். எடுத்தும் பார்த்தேன். முகப்பில் சரியானது, உள்பக்கங்களில் உடைந்தது. உலாவியில் சார்புப் பாதை இப்போது திறந்திருக்கும் பக்கத்தின் முகவரியைச் சார்ந்தது. /ஏடு/ என்ற பக்கத்திலிருந்து ஒரு விதம், கடைசிச் சாய்கோடு இல்லாத /ஏடு என்றால் இன்னொரு விதம், /ஏடு/பக்கம்/11 என்றால் மூன்றாவது விதம். நடைதாளுக்குள் எழுதும் யுஆர்எல்() நடைதாள் இருக்கும் முகவரியிலிருந்து கணக்கிடப்படும். ஜாவாஸ்கிரிப்டில் எழுதும் ஃபெட்ச்() அந்த ஸ்கிரிப்ட் இருக்கும் இடத்தைப் பார்க்காது, பக்கத்தின் முகவரியைத்தான் பார்க்கும். பக்கத்துப் பக்கத்து ஃபோல்டரில் இருக்கும் இரண்டு கோப்புகள், ஒரே மாதிரி எழுதிய பாதையை இரண்டு விதமாகப் படிக்கும்.

கையால் எழுதிய முகவரிகள் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, ஃபிளாஸ்கின் யுஆர்எல்_ஃபார்() மூலமே உருவாக்கினேன். செயலி எந்தக் கிளையில் இருக்கிறது என்று முன்னால் நின்று உலாவியின் கோரிக்கைகளை வாங்கும் என்ஜின்எக்ஸ் ஒரு தலைப்புவரியில் சொல்லும். ப்ராக்ஸிஃபிக்ஸ் அதைப் படித்து ஃபிளாஸ்கிடம் கொடுக்கும். ஜாவாஸ்கிரிப்டுக்கு அந்தக் கிளையின் பெயரை பாடி டேகில் ஒரு தரவுப் பண்பாக வைத்துவிட்டேன். லேப்டாப்பில் கிளை இல்லை, சர்வரில் உண்டு. கோடுக்கு இரண்டும் ஒன்றுதான்.

என்ஜின்எக்ஸில் படங்களை நேரடியாகப் பரிமாற ஒரு லொகேஷன் எழுதினேன். அதில் ரூட் என்று போடுவதா, அலையஸ் என்று போடுவதா என்று குழம்பி ரூட் போட்டேன். மறுபடி 404. என்ஜின்எக்ஸின் பிழை லாகை ஏன் முதலிலேயே பார்க்கவில்லை என்று இப்போதும் என்மேல் கோபம் வருகிறது, ஏனென்றால் தான் திறக்க முயன்ற முழுப்பாதையையும் அது அப்படியே எழுதி வைக்கிறது:

/சர்வ்/ஏடு-தரவு/படங்கள்/ஏடு/படங்கள்/03/பக்கம்-11.ஜேபிஜி

ஒரு தடவை பார்த்தாலே போதும். ரூட் என்றால், கேட்ட முகவரி முழுவதையும் அந்த ஃபோல்டரின் வாலில் ஒட்டும். அலையஸ் என்றால், லொகேஷனில் பொருந்திய பகுதியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஃபோல்டரை வைக்கும். எனக்கு வேண்டியது அலையஸ். அலையஸ் போடும்போது லொகேஷன் பெயரின் கடைசியிலும் சாய்கோடு இருக்கிறதா என்று இரண்டு முறை பாருங்கள். லொகேஷனில் அதை விட்டுவிட்டு அலையஸில் மட்டும் வைத்தால், பெயரை ஒட்டி இரண்டு புள்ளி சேர்த்துக் கேட்கும் எவரும் ஒரு படி மேலே ஏறி, நீங்கள் காட்ட நினைக்காத கோப்புகளை எடுத்துக்கொள்ளலாம்.

அதன்பின் 404 போய் 403 வந்தது. லாகில் 2 என்ற எண் இருந்த இடத்தில் 13. 2 என்றால் கோப்பு இல்லை, 13 என்றால் அனுமதி இல்லை, முன்னேற்றம்தான். படத்தின் மேல் எல்லோருக்கும் படிக்கும் அனுமதி இருந்தது. ஆனால் அது இருந்த 03 என்ற ஃபோல்டரை எனக்கு மட்டும் திறந்து வைத்திருந்தேன். ஒரு கோப்பைத் தொட வேண்டுமென்றால், வேரிலிருந்து அதுவரை வழியிலுள்ள ஒவ்வொரு ஃபோல்டரிலும் நுழையும் அனுமதி வேண்டும். ஃபோல்டருக்கு எக்ஸ் என்ற அனுமதியின் பொருள் அதுதான். அந்த ஃபோல்டர் மற்றவர்களுக்குச் சாத்தியிருந்தது. ‘நேம்ஐ -எல்’ என்ற கமாண்டுக்கு முழுப்பாதையைக் கொடுத்தால், ஒவ்வொரு படிக்கும் யார் உரிமையாளர், என்ன அனுமதி என்று வரி வரியாகக் காட்டும். எந்தக் கதவு சாத்தியிருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும். இந்தக் கமாண்ட் எனக்கு இத்தனை நாள் தெரியாமல் போனதே! தெரியாத காலத்தில் எல்லாவற்றுக்கும், எல்லோருக்கும் எல்லா அனுமதியும் தரும் 777 போட்டுத் தப்பித்த பாவம் என் கணக்கில் உண்டு.

தரவை /சர்வ்/ஏடு-தரவு என்று கோடுக்கு வெளியே தனியாக வைத்திருந்தேன். அதற்கு ஒரு காரணம் இருந்தது. அதுவரை பதிப்பு மாற்றும்போதெல்லாம் கோட் ஃபோல்டரை அழித்துப் புதிதாக வைப்பதுதான் என் வழக்கம். ஏற்றிய படங்களும் அதற்குள்ளேயே இருந்திருந்தால் ஒரே கமாண்டில் எல்லாம் போயிருக்கும். எனக்கு அது நடக்கவில்லை, மயிரிழையில் தப்பினேன்.

தமிழ்ப் பெயர்கள்

இந்தப் பகுதிக்காகவே இந்தப் பதிவை எழுத உட்கார்ந்தேன் என்றும் சொல்லலாம்.

நண்பர் ஒருவர் ஒரே நேரத்தில் இருபது பக்கங்களை ஏற்றினார். பட்டியலில் இருபதும் வந்தன, ஆனால் எதைத் திறந்தாலும் ஒரே படம். கடைசியாக ஏற்றிய படம். வட்டில் போய்ப் பார்த்தால் ஃபோல்டரில் ஒரே கோப்பு, அதன் பெயர் ‘ஜேபிஜி’. புள்ளி இல்லை, பின்னொட்டு இல்லை, வெறும் ஜேபிஜி.

பயனர் தரும் கோப்புப் பெயரை அப்படியே நம்பக் கூடாது என்பதால், ஃபிளாஸ்கோடு சேர்ந்து வரும் செக்யூர்_ஃபைல்நேம்() என்ற செயல்கூற்றின் வழியாக அனுப்பிக்கொண்டிருந்தேன். அது ஆஸ்கி எழுத்துகளை, அதாவது ஆங்கில எழுத்துகள், எண்கள், சில குறிகளை மட்டும் விட்டுவைக்கும். ‘முன்னுரை.ஜேபிஜி’ என்ற பெயரில் தமிழ் முழுவதும் உதிர்ந்து ‘.ஜேபிஜி’ மிஞ்சும். அப்புறம் முன்னால் நிற்கும் புள்ளியையும் ஒழுங்காகக் கிள்ளிவிடும். ‘முடிவுரை’க்கும் அதே கதிதான். இருபது பெயரும் ஒரே பெயராகி, ஒன்றின் மேல் ஒன்று எழுதிக்கொண்டன. ஆஸ்கி தவிர மற்றவை போய்விடும், பெயர் காலியாகக்கூட வரலாம் என்று அதன் ஆவணத்திலேயே எழுதியிருக்கிறது. நான்தான் படிக்கவில்லை. மூன்று மாதமும் லேப்டாப்பில் நான் சோதித்த கோப்புகளின் பெயர்கள் எல்லாம் ஆங்கிலத்தில்!

சரி, அந்தச் செயல்கூற்றை எடுத்துவிட்டு, சாய்கோடுகளை மட்டும் நீக்கித் தமிழ்ப் பெயரிலேயே சேமித்துப் பார்ப்போம் என்று இறங்கினேன். இரண்டே நாளில் இன்னொரு புதிர். பழைய மேக் ஒன்றிலிருந்து கட்டி அனுப்பிய ஜிப்பைச் சர்வரில் பிரித்தேன். அதில் ‘கொள்முதல்’ என்று தொடங்கும் கோப்பு இருக்கிறது. டேட்டாபேஸிலும் ‘கொள்முதல்’ இருக்கிறது. இரண்டும் திரையில் ஒரே மாதிரி. ஆனால் ஒன்றைக் கொண்டு மற்றதைத் தேடினால் கிடைக்கவில்லை.

பைட் பைட்டாகப் பிரித்துப் பார்த்தேன். டேட்டாபேஸில் இருந்த ‘கொள்முதல்’ 27 பைட். வட்டில் இருந்தது 30. மூன்று பைட் எங்கிருந்து வந்தது? ‘கொ’வில் இருந்து. பள்ளியில் ஒற்றைக்கொம்பு, க, கால் என்று சொல்லித்தான் இந்த எழுத்தைப் போடப் பழகினோம். யூனிகோடிலும் இதற்கு இரண்டு வழி உண்டு. கொம்பும் காலும் சேர்ந்த ‘ொ’ என்ற ஒரே குறி ஒன்று. ‘ெ’ தனி, ‘ா’ தனி என்று இரண்டு குறிகள் இன்னொன்று. இரண்டும் சமம் என்றுதான் தரமும் சொல்கிறது, ஆனால் பைட்டுகள் வேறு. ‘ோ’, ‘ௌ’ இரண்டுக்கும் இதே கதை. 2017-இல் ஏபிஎஃப்எஸ் என்ற புதிய வட்டு அமைப்பு வருவதற்கு முன் மேக்குகளில் இருந்த எச்எஃப்எஸ் பிளஸ் வட்டு, பெயர்களைப் பிரித்து வைத்துத்தான் சேமிக்கும். லினக்ஸ் பெயரைப் பைட்டாக மட்டுமே பார்க்கும். கொம்பு, கால் பற்றியெல்லாம் அதற்கு என்ன கவலை?

பெயரை ஒப்பிடும் முன், யூனிகோட்டேட்டா மாட்யூலின் நார்மலைஸ் வழியாக என்எஃப்சி வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டால், கொம்பும் காலும் சேர்ந்துகொள்ளும். அதைச் செய்தேன், புதிர் விடுபட்டது.

அடுத்து வந்தது நீளம். லினக்ஸின் எக்ஸ்ட்4 போன்ற வட்டு அமைப்புகளில் ஒரு கோப்பின் பெயர் 255 பைட்டைத் தாண்டக் கூடாது. யுடிஎஃப்-8இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் எடுத்துக்கொள்ளும், அதாவது அதிகபட்சம் 85 குறி. ‘மு’ என்ற ஓர் எழுத்துக்கே மகரம் ஒன்று, உகரக் குறி ஒன்று என இரண்டு குறி போய்விடும். புள்ளி வைத்த மெய்யும் அப்படியே. கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஐம்பது எழுத்துச் சொச்சத்தில் நின்றுவிடும். விண்டோஸின் என்டிஎஃப்எஸ்ஸும் 255 என்றுதான் சொல்கிறது, ஆனால் அது எண்ணுவது யுடிஎஃப்-16 அலகுகளை. அதில் தமிழ்க் குறி ஒன்றுக்கு ஓர் அலகுதான். ஆக, விண்டோஸில் சாவகாசமாகச் சேமித்த நீளமான தமிழ்ப் பெயரை லினக்ஸ் ‘பெயர் மிக நீளம்’ என்று திருப்பி அனுப்பும். குறிப்பேட்டின் தலைப்பையே கோப்பின் பெயராக வைக்கும் நண்பர் ஒருவருக்கு இது நடந்தது.

அதோடு தமிழ்ப் பெயரில் சேமிக்கும் ஆசையை விட்டேன். வருத்தம்தான்; எல்எஸ் அடித்தால் தமிழில் வரிசையாகத் தெரிவது அழகாக இருந்தது. இப்போது வட்டில் இருக்கும் பெயரை நிரலே உருவாக்குகிறது: மீண்டும் வராத அடையாளமான ஒரு யுயுஐடி, பின்னொட்டு, அவ்வளவுதான். ஆங்கிலச் சின்ன எழுத்தும் எண்ணும் சிறுகோடும் ஒரு புள்ளியும் தவிர வேறெதுவும் இல்லை. பயனர் வைத்த பெயர் அட்சரம் பிசகாமல் டேட்டாபேஸில் தனி நெடுவரிசையில் இருக்கிறது. பதிவிறக்கும்போது ஃபிளாஸ்கின் சென்ட்_ஃபைல்() செயல்கூற்றுக்கு டவுன்லோட்_நேம் என்று அந்தப் பெயரைக் கொடுத்தால், உலாவி தமிழ்ப் பெயரிலேயே சேமித்துத் தருகிறது. வட்டுக்கு ஒரு பெயர், மனிதர்களுக்கு ஒரு பெயர். இதைச் செய்தவுடன் எழுத்தளவு, சாய்கோடு, கொம்பு கால், நீளம் என்று நான்கு தொல்லைகளும் ஒரே நாளில் விலகின.

இரண்டு புள்ளி விஷயத்தையும் அதே நாளில் முடித்தேன். முகவரியில் வரும் துண்டை வேரோடு சேர்த்து, ரிசால்வ்() கொண்டு உண்மையான முழுப்பாதையாக்கி, பிறகே அது வேருக்குள் இருக்கிறதா என்று பார்க்கிறேன். முன்பு அந்தச் சோதனையை ‘இந்த எழுத்துகளில் தொடங்குகிறதா’ என்று வெறும் சரமாகச் செய்திருந்தேன். ‘ஏடு-தரவு’க்குப் பக்கத்தில் ‘ஏடு-தரவு-பழையது’ என்று ஒரு ஃபோல்டர் இருந்தால் அதுவும் தேறிவிடும்! பைதான் 3.9 முதல் இருக்கும் இஸ்_ரிலேட்டிவ்_டு() பாதையைப் படி படியாக ஒப்பிடுவதால் அப்படி ஏமாறாது.

இப்போதைய நிலை

கோடின் வேர் __ஃபைல்__இலிருந்து வருகிறது. தரவின் வேர், செயலிக்கு வெளியே அமைக்கும் என்விரான்மென்ட் வேரியபிளிலிருந்து வருகிறது. கிளையின் பெயர் என்ஜின்எக்ஸிலிருந்து வருகிறது. தரவு வேருக்கு வேரியபிள் இல்லாவிட்டால் ‘சரி, இதை வைத்துக்கொள்’ என்று ஒரு மாற்றுப் பாதையைக் கோடில் எழுதிவைக்கும் ஆசை எனக்கும் வந்தது, எழுதவில்லை. அது எஸ்க்யூலைட் செய்த உபகாரம் போலத்தான் ஆகும். வேரியபிள் இல்லையா, செயலி தொடங்கவே தொடங்காது. இருந்தால், அந்த ஃபோல்டர் உண்மையில் இருக்கிறதா, எழுத முடிகிறதா என்று ஒரு தற்காலிகக் கோப்பை எழுதி அழித்துப் பார்த்துவிட்டு, லாகில் இரண்டு வரி எழுதும்:

கோட் வேர்: /ஆப்ட்/ஏடு
தரவு வேர்: /சர்வ்/ஏடு-தரவு

பேக்கப் ஸ்கிரிப்டும் இதே மாட்யூலைத்தான் இறக்கிக்கொள்கிறது. நகலெடுத்த பின் அதைத் திறந்து, பக்கங்கள் டேபிளில் எத்தனை வரிசை என்று எண்ணி எழுதுகிறது. பூஜ்யம் என்றால் எனக்கு மெயில் வரும்.

ஒன்று மட்டும் இன்னும் பாக்கி. பழைய வரிசைகளைத் திருத்துவதற்கு முன்னால், ஏதோ ஒரு ஸ்கிரிப்டை ஹோமில் நின்றுகொண்டு ஓட்டியிருக்கிறேன் போலிருக்கிறது. அங்கே ‘சி:\வேலை\ஏடு\படங்கள்\சோதனை.ஜேபிஜி’ என்ற முழு நீளப் பெயரோடு ஒரே ஒரு கோப்பு கிடக்கிறது. லினக்ஸ் சர்வரில் ஒரு சி டிரைவ். மேற்கோள் குறிக்குள் பெயரைப் போட்டு ஆர்எம் அடித்தால் போய்விடும். இன்னும் அடிக்கவில்லை.